நாலு மூலையும் மஞ்சள்

என் கல்யாணப் பத்திரிகைகளை நானேதான் தபால் ஆபீசுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கல்யாணப் பெண் இப்படிப் போகக் கூடாது, வெயிலில் முகம் கறுத்துவிடும் என்று அம்மா வாசல்வரை வந்து தடுத்தாள். முகம் கறுத்தால் மஞ்சள் பூசிக்கொள்ளலாம், பத்திரிகை கறுத்தால் எதைப் பூசுவாய் என்று கேட்டேன். அம்மா உள்ளே போய்விட்டாள்.

எங்கள் பக்கத்தில் சாவுச் செய்தி தபாலில் வந்தால் மூலையில் கறுப்பு மை தடவியிருக்கும். படிக்கத் தெரியாதவர்களுக்கும் அந்த மூலையே சேதியைச் சொல்லிவிடும். அந்தக் கடிதத்தை யாரும் வீட்டுக்குள் எடுத்துப்போக மாட்டார்கள். வாசலிலேயே நின்று யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, அங்கேயே கிழித்துப் போட்டுவிடுவார்கள். நல்ல சேதி என்றால் நாலு மூலையிலும் மஞ்சள் இருக்கும். இது எங்கள் ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். தெரியாதது தபால் ஆபீஸ் சீலுக்கு மட்டும்தான்.

எனக்கு முதலில் பேசி முடித்த மாப்பிள்ளை வீடு மேச்சேரிப் பக்கம். பெண் பார்த்துவிட்டுப் போனார்கள், பிடித்திருக்கிறது என்று தரகர் மூலம் சொல்லி அனுப்பினார்கள். நிச்சயத்துக்கு நாள் குறித்து அப்பா ஒரு தபால் கார்டு எழுதினார். அவருக்கு ஒரே சந்தோஷம். மஞ்சளைக் குழைத்து, தேவைக்கு மேலேயே மூலைகளில் அப்பினார். அது காய்வதற்குள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்த் தபாலில் சேர்த்துவிட்டார். கார்டில் தபால் தலை மூலையிலேயே அச்சடித்திருக்கும். ஈர மஞ்சள்மேல் மை சொட்டச் சொட்ட இரண்டு தடவை சீல் விழுந்திருக்கிறது. கார்டு மேச்சேரி போய்ச் சேர்ந்தபோது அந்த மூலை முழுக்கக் கறுப்பு.

மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. தபால்காரர் நீட்டியதும் மூலையைப் பார்த்திருக்கிறார். உடம்பு சரியில்லாமல் கிடந்த தன் அண்ணன்தான் போய்விட்டார் என்று நினைத்து, வாசலிலேயே கார்டைக் கிழித்துப் போட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு அழுதிருக்கிறார். தெருவே கூடிவிட்டது. ஒரு பெண் பிள்ளை துண்டுகளைப் பொறுக்கி ஒட்டவைத்துப் படித்த பிறகுதான் அது நிச்சயத்துக்கு நாள் சொன்ன கடிதம் என்று தெரிந்திருக்கிறது. மறுநாள் தரகர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"பொண்ணு ஊட்டுல இருந்து வந்த மொதக் கடுதாசியே கருமாதிக் கடுதாசியா வந்துபோச்சாமுங்க. அவிகளுக்கு மனசு ஒப்பலையாமுங்க."

அவ்வளவுதான். ஒரு துளி மை, அதோடு முடிந்தது. அந்த மாப்பிள்ளைமேல் எனக்குப் பெரிய ஆசை ஒன்றும் இருக்கவில்லை, அவர் முகத்தைக்கூட நான் சரியாகப் பார்த்ததில்லை. ஆனால் அதற்குப் பிறகு வந்த வரன்கள் எல்லாம் பாதி வழியிலேயே திரும்பிப் போயின. "கறுப்புக் கடுதாசி ஊடு" என்று எங்கள் வீட்டுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். அப்பா அந்தக் கார்டுக்குப் பிறகு பேனாவையே தொடவில்லை. யாருக்காவது கடிதம் எழுத வேண்டியிருந்தால் என்னைக் கூப்பிட்டு எழுதச் சொல்வார். எனக்கு வந்தது அழுகை இல்லை, ஆத்திரம்.

இரண்டு வருடம் கழித்து வாழப்பாடிப் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. மரவள்ளிக் குச்சிக்கிழங்குக் காடு, மாப்பிள்ளைக்கு ஜவ்வரிசி ஆலையில் வேலை. வந்தவர்களுக்கு என்னைப் பிடித்தது, எனக்கும் பிடித்தது. கறுப்புக் கடிதக் கதையை அப்பாவே அவர்களிடம் சொல்லிவிட்டார், மறைக்கவில்லை. அதைக் கேட்டு எல்லோரும் சிரித்துவிட்டார்கள், ஒருவரைத் தவிர. அவர் மாப்பிள்ளையின் பெரியப்பா. அந்தக் குடும்பத்தில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. பல்லி கத்தினால் பயணத்தைத் தள்ளிப்போடுகிற மனிதர். ஆத்தூர்ப் பக்கம் இருந்தார். நிச்சயம் நல்லபடியாக நடந்தது, பத்திரிகையும் அச்சாகி வந்தது. அவருக்கு அதை நேரில் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று அப்பா புறப்பட்டபோது தரகர் வந்து, பெரியப்பா சொன்னதை அப்படியே சொன்னார்.

"எனக்கு நேர்ல ஒண்ணும் தர வேணாம். தபால்லயே வரட்டும். எப்படி வருதுன்னு பாத்துட்டுத்தான் நான் மேல பேசுவேன்."

பத்திரிகை அடித்த பிறகு நின்றுபோன பெண்ணுக்கு அன்றைய சேலம் ஜில்லாவில் இன்னொரு மாப்பிள்ளை கிடைப்பது நடக்கிற காரியமா? அப்பா முகம் செத்துப்போய்விட்டது. தபாலில் போடாமல் யாரையாவது விட்டு அவர் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வரச் சொல்லலாமா என்றுகூட யோசித்தார். திருட்டுத்தனம் எதற்கு, அவர் தபாலில் கேட்டார், தபாலிலேயே போகும், மஞ்சளாகவே போகும் என்று சொன்னேன். எப்படி என்று அப்பா கேட்டார். அப்போது அது எனக்கும் தெரியவில்லை.

வீட்டில் கிடந்த பழைய கவர்களை எல்லாம் எடுத்துப் பரப்பி வைத்துக்கொண்டு பார்த்தேன். எல்லோரும் ஸ்டாம்பை ஓரத்தோடு ஒட்டிவிடுகிறார்கள். சீல் பாதி ஸ்டாம்பிலும் பாதி மூலையிலும் விழுகிறது. கார்டில் தலை இருக்கிற இடத்தை நம்மால் மாற்ற முடியாது. கவரில் ஒட்டுவது நம் கை. எனவே ஸ்டாம்பை மூலையிலிருந்து ஒரு கட்டைவிரல் நீளம் உள்ளே தள்ளி ஒட்டினேன். மஞ்சளை மெல்லிசாகத் தடவி, ஒரு பகல் முழுக்க வெயிலில் காயவைத்தேன். விலாசங்களை எல்லாம் நானே எழுதினேன், கவரை ஒட்டாமல் மடக்கிச் செருகி, கட்டணம் குறையும் என்று மேலே புக் போஸ்ட் என்றும் எழுதினேன். மிச்சம் இருந்தது சீல் அடிக்கிற கை மட்டும்தான்.

தபால் ஆபீஸ் எங்கள் ஊர் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே, லாரி பாடி கட்டுகிற பட்டறையை ஒட்டினாற்போல் இருந்தது. போஸ்ட் மாஸ்டர் சேலம் டவுன்காரர், பாய். தினம் காலை பஸ்ஸில் வந்து சாயந்திர பஸ்ஸில் போவார். கோபக்காரர் இல்லை, ஆனால் அவசரக்காரர். தபால் பை கட்டுகிற நேரத்தில் அவர் சீல் குத்த ஆரம்பித்தால் பட்டறையில் தகடு அடிப்பது எது, இங்கே அடிப்பது எது என்று தெரியாது. அப்பா என்னோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். வாசற்படிக்கு மேல் அவருக்குக் கால் வரவில்லை, வெளியிலேயே நின்றுகொண்டார். நான் கவர்களைக் கவுண்டரில் வைத்தேன்.

"வெச்சுட்டுப் போம்மா. சாயந்திரம் பை கட்டறதுக்குள்ள அடிச்சிடறேன்."

"இல்லீங்க சார், இப்பவே அடிங்க. நான் பாக்கோணும்."

"பாக்கறதுக்கு இது என்ன சினிமாவா?"

"மூலைல கறுப்புப் படக் கூடாதுங்க சார்."

"தபால் ஆபீஸ் மை கறுப்பாத்தாம்மா இருக்கும். உனக்காக மஞ்சளக் கரைச்சா அடிக்க முடியும்?" என்றவர் மேலே இருந்த கவரை எடுத்துப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "ஸ்டாம்ப எங்க ஒட்டி வெச்சிருக்க? மேல, வலது பக்க மூலைல ஒட்டணும்னு தெரியாது?"

"மேலதானுங்க இருக்குது. வலது பக்கந்தானுங்க இருக்குது. மூலைலயேதான் ஒட்டோணும்னு சட்டம் இருந்தாக் காட்டுங்க, அத்தனையும் பிச்சு ஒட்டறேன்."

சட்டத்தை அவர் தேடவில்லை. எனக்குப் பின்னால் மணியார்டர் அனுப்ப நின்றிருந்த பட்டறைக்காரர், இன்றைக்கு என் பணம் போய்ச் சேர்ந்த மாதிரிதான் என்று முணுமுணுத்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. முதலில் இதில் அடித்துக் காட்டுங்கள் என்று ஒரு பழைய கவரை நீட்டினேன். அவர் வேண்டா வெறுப்பாக ஓங்கி ஒரு குத்துக் குத்தினார். எண்கள் எல்லாம் மையில் மூழ்கி வட்டமாக ஒரு கறுப்பு அப்பம்தான் விழுந்தது.

"இது கருமாதிங்க சார்" என்றேன்.

அவர் சீலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "உனக்கு என்னம்மா பிரச்சினை? எதுக்கு இந்தப் பிடிவாதம்?"

சொன்னேன். அப்பா எழுதிய கார்டு, மேச்சேரி வாசல், கிழித்துப் போட்டது, இப்போது ஆத்தூர்ப் பெரியப்பா வைத்திருக்கிற பரீட்சை, எல்லாவற்றையும் நின்ற இடத்திலேயே சொன்னேன். குரலைத் தணிக்கவும் இல்லை.

"அந்தக் கார்டு எப்பப் போட்டது?"

"ரண்டு வருசம் ஆச்சுங்க. ஆடிக் கடைசியில."

"அப்ப நாந்தாம்மா இங்க இருந்தேன்."

"தெரியுமுங்க. அதனாலதான் இன்னொரு ஊருக்குப் போகாம உங்ககிட்டயே வந்திருக்கறேன்."

அவர் எழுந்து உள்ளே போய், கொஞ்சம் மண்ணெண்ணெயும் ஒரு பழைய பல் தேய்க்கிற பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டு வந்தார். சீலில் அடைந்திருந்த மையைத் தேய்த்து எடுத்தார். எண்களுக்கு நடுவே சிக்கியிருந்ததைக் குண்டூசியால் கிளறினார். மைப் பேடின்மேல் காகிதத்தை வைத்து அழுத்தி, ஊறியிருந்ததை ஒற்றி எடுத்தார். பட்டறைக்காரருக்கும் இப்போது மணியார்டர் மறந்துவிட்டது. "கல்யாணப் புள்ளயே வந்து நிக்குது, நல்லாப் பாத்து அடிங்க பாய்" என்று கவுண்டரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு அவரும் பார்க்க ஆரம்பித்தார்.

அதன் பிறகு அவர் குத்தவில்லை, வைத்தார். தோசைக் கல்லுக்கு எண்ணெய் தொடுகிற அளவுக்கு மையைத் தொட்டு, ஸ்டாம்பின்மேல் வைத்து, லேசாக அழுத்தி எடுத்தார். ஒவ்வொன்றையும் வாங்கி நான் நாலு மூலையையும் பார்த்தேன். ஒன்றில் கை வழுக்கி மை இழுத்துவிட்டது. அதை எடுத்துத் தனியே வைத்துவிட்டு, வேறு கவர் எடுத்து, புது ஸ்டாம்பு வாங்கி ஒட்டி, விலாசத்தை மறுபடி எழுதினேன். போகட்டும் விடு என்றார் அவர். விட மாட்டேன் என்றேன். மையைத் தொட்டதும் அடிக்கிற கவர்களில் கொஞ்சம் கூடுதலாக விழுகிறது, போகப் போக வெளிறிப் போகிறது, நடுவில்தான் சரியாக விழுகிறது என்று பார்த்து வைத்துக்கொண்டேன். அந்த நேரம் வந்ததும் பெரியப்பா கவரை நீட்டினேன். ஊர்ப் பெயரும் தேதியும் அச்சடித்த மாதிரி விழுந்தன. மஞ்சள் பக்கமே போகவில்லை.

"போய்ச் சேர்ற ஆபீசுலயும் பின்னால ஒரு சீல் அடிச்சாலும் அடிப்பாங்கம்மா. அது என் கையில இல்ல" என்றார்.

"அங்கவரைக்கும் நான் போக முடியாதுங்க. இங்க இருக்கறத இங்க பாப்போம்."

எல்லாம் முடிந்த பிறகு, பைக்குள் தனியாக வைத்திருந்த கடைசிக் கவரை எடுத்துக் கொடுத்தேன். அவர் விலாசத்தைப் படித்தார். மேச்சேரி. முதல் மாப்பிள்ளை வீட்டு விலாசம் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, மை புட்டியைக் கையில் எடுத்துக் கேட்டார்.

"இதுக்கு எப்படிம்மா அடிக்கட்டும்? நீ எப்படிச் சொன்னாலும் சரி."

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு ஆசை வந்தது. புட்டியைக் கவிழ்த்து, நாலு மூலையும் நனைகிற மாதிரி அடித்து அனுப்பினால் என்ன? இரண்டு வருடம் எங்கள் வீட்டில் கிடந்த கறுப்பு ஒரு வேளையாவது அந்த வாசலில் கிடக்கட்டுமே. அதற்குள் வாசற்படியிலிருந்து அப்பா குரல் வந்தது. அவர் எப்போது உள்ளே எட்டிப் பார்த்தார் என்று தெரியவில்லை.

"அவிகளுக்கு எதுக்குச் சாமி பத்திரிக?"

"நம்ம ஊட்டுல இருந்து கடுதாசி எப்படி வரும்னு அவிகளும் பாக்கட்டுமுங்கப்பா" என்றேன். போஸ்ட் மாஸ்டரிடம் திரும்பி, "இதுக்கும் சுத்தமாவே அடிங்க சார்" என்றேன். அவர் மை புட்டியை மூடி வைத்துவிட்டு அடித்தார். அன்று விழுந்ததிலேயே நல்ல சீல் அதுதான்.

அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை, எனக்கு மட்டும் பசித்தது. ஆத்தூரிலிருந்து மறுப்பு ஒன்றும் வரவில்லை. கல்யாணத்தன்று பெரியப்பா முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கினார். கவரைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். அதை எடுத்து அப்பாவிடம் காட்டி, "நாலு மூலையும் மஞ்சள். தேதிகூட எழுத்து எழுத்தாத் தெரியுது. இப்படி ஒரு சீல நான் பாத்ததில்ல" என்றார். அப்பா வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டே அவரைப் பந்திக்கு அழைத்துப் போனார்.

தாலி கட்டி முடிந்து எல்லோரும் வந்து ஆசீர்வாதம் பண்ணிக்கொண்டிருந்தபோது கூட்டத்தின் கடைசியில், கார்டைக் கிழித்துப் போட்ட அந்த அம்மா நின்றுகொண்டிருந்தார். பெண் பார்க்க வந்தபோது பார்த்த முகம், உடனே தெரிந்துவிட்டது. மேச்சேரியிலிருந்து தனியாக வந்திருந்தார். அவர் வருவார் என்று நான் நினைக்கவே இல்லை. கிட்டே வந்ததும், குத்தலாகக் கேட்க வேண்டும் என்று வைத்திருந்ததைக் கேட்டேன்.

"கடுதாசி நல்லபடியா வந்து சேந்துச்சுங்களா?"

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வந்துச்சு சாமி. ஊட்டுக்குள்ள எடுத்துட்டுப் போயி, வெளக்கேத்தி வெச்சுட்டுத்தான் படிக்கச் சொல்லிக் கேட்டேன்."

நான் குனிந்து அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டேன்.