தழும்பு விழாத கை

தியாகராய நகரில் எந்தத் தெருவுக்குள்ளும் பாஞ்சாலி நுழைந்தால் போதும், குழந்தைகள் கட்டிலுக்கடியில் பதுங்கிக்கொள்வார்கள். அவள் கார்ப்பரேஷனில் அம்மை குத்துபவள். முகமெல்லாம் பழைய அம்மைத் தழும்பு, வாயெல்லாம் சிரிப்பு. தான் குத்திக் கொப்புளம் எழும்பாத கை இந்த வட்டாரத்திலேயே கிடையாது என்று பீற்றிக்கொள்வாள். கொஞ்சம் கர்வக்காரிதான், இருந்துவிட்டுப் போகட்டும்.

எழுபதாம் வருஷக் கோடையில் அந்தக் கர்வத்துக்கு ஆப்பு வைத்தாள் பாத்திரக் கடை சண்முகவேலின் மகள் தங்கபுஷ்பம். இரண்டு தடவை குத்தியும் கொப்புளம் எழும்பவில்லை. எழும்பாவிட்டால் குத்தியதும் ஒன்றுதான், குத்தாததும் ஒன்றுதான். நாளைக்கே அம்மை வந்தால் குழந்தைக்குக் காப்பு இல்லை.

"சில குழந்தைங்க உடம்பு அப்படித்தான், விட்டுத் தள்ளு" என்றார் உடன் வேலை பார்த்த ஸ்ரீரங்கன். மருந்து வெயிலில் கெட்டிருக்குமோ என்றால், அதே குப்பியிலிருந்து குத்திய பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு ஜம்மென்று எழும்பியிருந்தது. பாஞ்சாலிக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாவது தடவை குத்திவிட்டுக் கிளம்பியவள், மறந்துவிட்ட குடைக்காகத் திரும்பி வந்தாள். உள்ளே சண்முகவேல் ஈரத் துண்டால் மகளின் கையை அழுந்தத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் தேங்காயெண்ணெய்க் கிண்ணம் வேறு.

"இன்னா அண்ணாச்சி இது! மருந்த அழிச்சிக்கினு கீறீங்க?"

அவர் திருதிருவென்று விழித்தார். "பொம்பளப் பிள்ளைல்லாம்மா. தழும்பு விழுந்துட்டா நாளைக்கு எவன் கட்டுவான்? அதாம் ஒவ்வொரு தடவையும்..." சொல்லும்போதே அவர் பார்வை அவள் முகத்தில் பட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பாஞ்சாலிக்குச் சுர்ரென்று ஏறிய கோபம் அவர் கலங்கி நின்றதைப் பார்த்ததும் இறங்கிவிட்டது. மகள்மேல் உயிரையே வைத்திருக்கிற மனுஷன், பாவம்.

"கையில ஒண்ணே ஒண்ணு வுழட்டும் அண்ணாச்சி. சின்ன வயசுல எனக்கு யாரும் குத்தல. என் மூஞ்சியப் பாத்துக்கினே சொல்லுங்க, எது மேலு?"

அவர் துண்டை அவளிடமே கொடுத்துவிட்டு, "குத்துங்கம்மா" என்றார்.

அடுத்த வாரம் அவள் போனபோது கடையில் ஒரே கூட்டம். சண்முகவேல் வியாபாரத்தைப் போட்டுவிட்டு, மகளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். பிஞ்சுக் கையில் கொழுகொழுவென்று ஒரு கொப்புளம். அதைப் பார்த்த பாஞ்சாலிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"எம் பிள்ளைக்கு எழும்பிட்டும்மா!"

பாஞ்சாலி பையிலிருந்து அவருடைய துண்டை எடுத்து நீட்டினாள். அவர் வாங்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.