முசல் எல்லாம் களைக்குது

முயலைக் காதைப் பிடித்துத் தூக்கக் கூடாது என்று எனக்கு நாற்பத்திரண்டு வயதில்தான் ஒருவர் சொல்லிக்கொடுத்தார். அதற்கு முன் பதினாறு வருடம் காதைப் பிடித்துத்தான் தூக்கினேன். ராமநாதபுரத்திலிருந்து மண்டபம் போகிற சாலையில் இருக்கும் ஒரு மருந்தியல் கல்லூரியில் விலங்குக் கூடத்துக்கு நான்தான் டெக்னீஷியன். சோதனைக்காக எலியும் முயலும் வைத்திருப்போம். மருந்து கொடுத்துப் பார்ப்பார்கள், ஊசி போட்டுப் பார்ப்பார்கள், ரத்தம் எடுப்பார்கள். உப்புக் காற்றில் கூண்டுக் கம்பி மாதத்துக்கு ஒருமுறை துருப்பிடிக்கும். அதைச் சுரண்டிப் பெயிண்ட் அடிப்பதிலிருந்து தீனி வைப்பது வரை என் பொறுப்பு. பொறுப்புதான் என்னுடையது. வேலையைச் செய்தது வேறொருவர்.

அவர் மண்டபம் முகாமிலிருந்து வந்துபோன ஒரு பெண். பத்து வயதில் இலங்கையிலிருந்து படகில் வந்தவர். என் வயதுதான் இருக்கும். ஆனாலும் நான் அவரை "ஏம்மா, இங்கன வா, அங்கன போ" என்றுதான் ஏவுவேன். அவர் என்னை "சேர்" என்பார். "சார்னு சொல்ல வராதா உனக்கு?" என்று கேட்டு மாணவர்கள் முன்னால் சிரிப்பேன். அவரும் சிரிப்பார். சிரிக்காமல் வேறென்ன செய்வார்? தினக்கூலி வேலை.

ஒருநாள் தீனி மூட்டையைச் சுமந்துகொண்டு மாடி ஏறி வந்தவர் நெஞ்சில் கை வைத்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"கொஞ்சம் பொறுங்கோ சேர், களைக்குது."

"ஏன், ராத்திரி சரியாத் தூங்கலையா?"

"அது இல்லை சேர். மூச்சு வாங்குது. அதைத்தான் நாங்கள் களைக்குது எண்டு சொல்லுறது."

நமக்குக் களைப்பு என்றால் அசதி. அவர்களுக்குக் களைக்கிறது என்றால் மூச்சு இரைக்கிறது. அன்றைக்கே இது எனக்கு விளங்கிவிட்டது. விளங்கினதோடு விட்டேனா? அதற்குப் பிறகு அவர் மாடி ஏறி வரும்போதெல்லாம் "என்ன, களைக்குதோ?" என்று அவர் குரலிலேயே இழுத்துக் கேட்பேன். எனக்கு அது ஒரு பொழுதுபோக்கு.

அந்த வருடம்தான் சென்னையிலிருந்து அந்த அமைப்பு வந்தது. சோதனையை நிறுத்து என்று கொடி பிடிக்கிறவர்கள் இல்லை. சோதனை நடக்கிற வரைக்கும் அந்த உயிர் படுகிற பாட்டைக் குறைக்க வேண்டும், அதுதான் அவர்கள் வேலை. வந்தவர் ஒரு கால்நடை மருத்துவர், ஐம்பது வயதுப் பெண்மணி, குரல் கொஞ்சம் பெரியது. எல்லோரும் மேடம் என்றோம். இரண்டு நாள் பயிற்சி. முயலின் பின்பக்கத்துக்குக் கை கொடுத்து மார்போடு அணைத்துத் தூக்கக் கற்றுக்கொடுத்தார். தனித்தனியாக அடைக்காதீர்கள், பயந்தால் ஒளிந்துகொள்ள ஒரு அட்டைப்பெட்டி வையுங்கள், வலி வரும் என்று தெரிந்தால் முன்கூட்டியே மருந்து கொடுங்கள் என்றார்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. முன்கோபம் எங்கள் குடும்பச் சொத்து. மதியச் சாப்பாட்டில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "எங்க ஊருல மனுசனுக்கே குடிதண்ணி லாரியில வருது. இங்கன முயலு ஒளிஞ்சு விளையாட அட்டைப்பெட்டி கேக்குறாக" என்றேன். நல்ல சிரிப்பு எழுந்தது.

மேடம் சிரிக்கவில்லை. "தண்ணி லாரி வரலைன்னா நீங்க ரோட்டை மறிக்கலாம் சார். இதுங்க என்ன பண்ணும்?" என்றார். அதற்கும் சிரித்தார்கள், இந்த முறை என்னைப் பார்த்து. மிச்சச் சோற்றை நான் தலை நிமிராமல் சாப்பிட்டு முடித்தேன்.

கிளம்பும்போது அவர் ஒரு கோடு போட்ட நோட்டைக் கொடுத்தார். என்னிடம் இல்லை, அந்தப் பெண்ணிடம். "தினமும் இதுங்களைக் கண்ணால பாக்குறது நீங்கதான். பாத்ததை எழுதுங்க. நீங்க வீட்டுல எப்படிப் பேசுவீங்களோ அப்படியே எழுதுங்க, எனக்கு அழகான தமிழ் வேண்டாம்" என்றார். எனக்கு அது ஊசி குத்தின மாதிரி இருந்தது. ஆனால் அந்தப் பெண் நோட்டைப் பையில் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு பஸ் ஏறிப் போனார். மறுநாளிலிருந்து எழுதினார். எந்த முயல் எவ்வளவு தின்றது, எது மூலையில் ஒதுங்கியது, எதற்குக் காது சுடுகிறது என்று பக்கம் பக்கமாக. நான் ஒருநாளும் அதைத் திறந்து பார்த்ததில்லை.

மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாயல்குடிப் பக்கம் என் அக்கா பேத்திக்குக் காதுகுத்து. கிடா வெட்டி, பந்தி நடந்துகொண்டிருந்தது. நான் தாய்மாமன் வகையறா, முதல் பந்தியில் முதல் இலை. ஒன்றரை மணிக்குப் போன் வந்தது.

"சேர், ஏசி நிண்டிட்டுது. முசல் எல்லாம் களைக்குது."

என் வாய் நிறையக் கறி இருந்தது. "களைச்சாத் தூங்கட்டும். ஞாயித்துக்கிழமைதானே" என்றேன். பக்கத்து இலையில் இருந்த மச்சான் யார் என்று கேட்டார். "எங்க லேப் முயலுக்கெல்லாம் அசதியா இருக்காம் மச்சான்" என்றேன். பந்தியே சிரித்தது. போனை வைத்துவிட்டேன். இரண்டாவது முறை மணி அடித்தபோது போனைக் குப்புறத் திருப்பி வைத்தேன்.

ஆபீஸ் அறையில் இன்னொரு ஏசி உண்டு. அதன் சாவி மீட்டர் பெட்டி மேலே இருக்கும். அங்கே தூக்கிக்கொண்டு போய் வை என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்தச் சாவி இருக்கும் இடம் அவருக்குத் தெரியாது. தெரியவேண்டாம் என்று வைத்தவனும் நான்தான்.

அந்த நிமிடம் அவர் சொன்னது எனக்குப் புரிந்ததா இல்லையா? எத்தனையோ முறை என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். அசதி என்றுதான் முதலில் காதில் விழுந்தது, சத்தியமாக. ஆனால் இலையை விட்டு எழுந்திருக்க மனமில்லாதவனுக்கு எது வசதியோ அதுதான் காதில் விழும். அந்தச் சொல்லை வைத்து ஒரு வருடமாக அவரைக் கேலி செய்தவன் நான். தெரியாது என்று எப்படிச் சொல்வேன்?

ஐந்து மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். மூச்சு முட்டுகிற வெக்கை. ஒன்பது முயலில் ஆறு செத்துப்போயிருந்தன. சிமெண்டுத் தரையில் வரிசையாகக் கிடத்தி ஈரச் சாக்கால் மூடியிருந்தார். மற்ற மூன்றையும் வாசல்படியில், காற்று வருகிற இடத்தில் வைத்து, துணியில் சுற்றிய ஐஸ்கட்டிகளைச் சுற்றிலும் அடுக்கியிருந்தார். சாலையோர மீன்கடைக்கு ஓடி, மீன் பெட்டி ஐஸைக் கெஞ்சி வாங்கி வந்திருக்கிறார். கூடமே மீன் நாற்றம் அடித்தது. நனைத்த முந்தானையால் ஒரு முயலின் காதை ஒற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து அவர் சத்தம் போடவில்லை.

"ரெண்டு தரம் போன் எடுத்தனான் சேர்" என்றார். அவ்வளவுதான்.

அந்த வாரமே மேடம் வந்துவிட்டார். முதல்வர் அறையில் விசாரணை. எனக்கு நாற்காலி போட்டார்கள். அந்தப் பெண் கதவோரம் நின்றார். மேடம் நோட்டைத் திறந்து அந்த நாளின் பக்கத்தை வாசித்தார். "ஒண்டரை மணி. ஏசி நிண்டிட்டுது. முசல் எல்லாம் களைக்குது. சேருக்குப் போன் எடுத்தனான்."

பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார். "களைக்குதுன்னு சொன்னதும் உங்களுக்கு என்ன சார் புரிஞ்சது?"

வேலை போய்விடும் என்று பயம். மகளுக்குக் கல்லூரியில் இடம் பார்த்துக்கொண்டிருந்த நேரம். வாய் தானாகப் பேசியது. "அசதியா இருக்குன்னுதான் மேடம் நெனச்சேன். மூச்சு வாங்குதுன்னு சொல்லியிருந்தா அப்பவே பறந்து வந்திருப்பேன். அவுக பேச்சு நமக்கு எங்க மேடம் வெளங்குது?"

கதவோரம் நின்றவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். மாடிப்படியில் நான் இழுத்து இழுத்துக் கேட்ட "களைக்குதோ" எங்கள் இரண்டு பேருக்கும் கேட்டது. வேறு யாருக்கும் கேட்கவில்லை. அவர் வாயைத் திறப்பார் என்று காத்திருந்தேன். முகாமில் இருக்கிறவர்கள் ஒரு அலுவலகத்தில், ஒரு அதிகாரி முன்னால், அவ்வளவு லேசாக வாயைத் திறப்பதில்லை. இது தெரிந்துதான் நான் அந்த வார்த்தையைச் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

"மூணு முயலுக்கு ஐஸ் வச்சுக் காப்பாத்தியிருக்கீங்களே, அது யாரு?" என்று மேடம் கேட்டார்.

"எங்க டெக்னீஷியன்தான்" என்றார் முதல்வர். அவருக்கு உண்மையில் தெரியாது. தெரிந்த நான் மேஜை விரிப்பில் இருந்த மைக்கறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விபத்துக்குக் காரணம் தகவல் பரிமாற்றக் குறைபாடு என்று கல்லூரி எழுதிக்கொண்டது. மறுவாரம் அந்தப் பெண்ணை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவராகவே நின்றுவிட்டார் என்று அமைப்புக்குக் கடிதம் போயிற்று. அதைத் தட்டச்சு செய்யும்போது நான் பக்கத்தில்தான் நின்றேன்.

இரண்டு வருடம் ஓடிவிட்டது. அமைப்பு சொன்னதெல்லாம் கூடத்தில் வந்தது. பெரிய கூண்டு, அட்டைப்பெட்டி, ஏசி நின்றால் அலறுகிற மணி. சோதனை முடிந்த முயல்களைக் கொல்லாமல் வளர்க்கிறவர்களிடம் ஒப்படைக்கும் வழக்கமும் வந்தது. நான் முயலை மார்போடு அணைத்துத் தூக்கினேன். புது மாணவர்களுக்கு அப்படித் தூக்கச் சொல்லியும் கொடுத்தேன். திருந்திவிட்டேன் என்று நானே எனக்குச் சான்றிதழ் எழுதிக்கொண்டேன். தூ!

போன மாதம் கூடத்துக்கு ஒரு உதவியாளர் வேலை. விலங்கியல் படித்த ஒரு பெண் நேர்காணலுக்கு வந்தாள். முகாமில் பிறந்தவள். நானும் அறையில் இருந்தேன். முகவரியைப் பார்த்ததும் அலுவலக மேலாளர், "முகாமா? உங்க பேச்சு இங்க புரியாதும்மா, முன்னாடியே ஒரு பிரச்சினை ஆயிருச்சு" என்றார். அவள் சிரித்துவிட்டாள். "என்ன சார், நான் இங்கனக்குள்ளதான பொறந்து வளந்தேன். இப்ப நான் பேசுறது ஒங்களுக்குப் புரியலையா?" என்று தெள்ளத் தெளிவாக எங்கள் ஊர்ப் பேச்சில் கேட்டாள். மேலாளர் ஃபைலை மூடிவிட்டார். நான் சொன்ன ஒரு பொய் அந்த ஆபீஸில் சட்டமாகவே ஆகியிருந்தது.

மறுநாள் மண்டபத்துக்குப் போனேன். முகாமுக்குள் போக அனுமதி கேட்டு வாசலில் காரணம் சொல்ல வேண்டும். என்ன காரணம் சொல்வேன்? அவர் இப்போது ஒரு நண்டுக் கம்பெனியில் நண்டு உடைத்துச் சதை எடுக்கிற வேலை பார்க்கிறார் என்று கேள்விப்பட்டு, வேலை விடுகிற நேரத்துக்கு அங்கே போய் எதிர்த்த டீக்கடையில் நின்றேன். வெளியே வந்தவர் என்னைப் பார்த்ததும் கை விரல்களைத் துணியில் மறைத்துக்கொண்டார். எல்லா விரலிலும் ஓடு கிழித்த கீறல்கள்.

"நீங்க என்னை மன்னிக்கணும்" என்றேன். அவரை நீங்க என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

"மூண்டு முசலும் இருக்கோ சேர்?" என்று கேட்டார்.

"ஒரு வீட்டுல வளக்குறாக. நல்லா இருக்கு."

தலையாட்டினார். டீ வாங்கிக் கொடுத்தேன். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே பேசினார். "என்ர வேலை போனது போகட்டும் சேர். நேற்று வந்தவள் என்ர பக்கத்து வீட்டுப் பிள்ளை. எங்கட பேச்சு விளங்காதெண்டு அவளையும் திருப்பி விட்டிட்டியள். உங்களுக்கு விளங்கினது எண்டு எனக்குத் தெரியும். எனக்குச் சொல்லி என்ன? அந்த மேடத்துக்குச் சொல்லுங்கோ."

"சொல்லுறேன்."

"இப்ப சொல்லுங்கோ."

டீக்கடை வாசலிலேயே நின்று போன் போட்டேன். மேடம் எடுத்தார். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு முன்னாலேயே தெரியும், அதை வைத்துக் கேலி செய்தவனே நான்தான், என் வேலையைக் காப்பாற்றிக்கொள்ளப் பொய் சொன்னேன், அவரை வேலையை விட்டு நிறுத்தியது கல்லூரிதான் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அப்பாடா என்று இருந்தது. எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டதாகவே நினைத்தேன்.

மேடம் என்னைத் திட்டவில்லை. "அவங்க பக்கத்துல இருக்காங்களா? போனைக் குடுங்க" என்று மட்டும் சொன்னார்.

கொடுத்தேன். அவர் இடது கையால் வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு சாலையைப் பார்த்து நின்றார். மேடம் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தார் போலிருக்கிறது. "ஓம்... ஓம் மேடம்... முதல்ல சின்னப் பெட்டை முசல்தான் விழுந்தது... வாயைத் திறந்துதான் மூச்சு விட்டதுகள்..." என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி ஒரு மனிதர் அவரிடம் விசாரித்தது அதுதான் முதல் தடவை. ஒரு இடத்தில் பேச்சு நின்றது. திரும்பி என் முகத்தைப் பார்த்தார்.

"இல்லை மேடம். ஐஸ் வச்சது நான்தான்" என்றார்.

அதை நான் சொல்லியிருக்கவில்லை.