வெள்ளிக்கிழமைச் சாவி

கோட்டாற்றில் மைமூன் பீவியைப் பற்றி இரண்டு பேச்சுதான் உண்டு. நன்றாகத் தைப்பாள் என்பது ஒன்று. புருஷன் செத்து மௌத்தானதை ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறாள் என்பது மற்றொன்று. முதல் பேச்சைப் பேசியவர்கள் துணியோடு வந்தார்கள். இரண்டாவதைப் பேசியவர்கள் வெறுங்கையோடு வந்து, வெற்றிலையைப் போட்டுக்கொண்டு, ஒரு பெருமூச்சையும் விட்டுவிட்டுப் போனார்கள். வெறுங்கையோடு வருகிறவர்களைக் கண்டால் மைமூனுக்கு ஆகாது. அவர்கள் வாய் திறப்பதற்குள் தையல் மிஷினைச் சுற்றத் தொடங்கிவிடுவாள். அந்தச் சத்தத்தில் யாரால் ஆறுதல் சொல்ல முடியும்?

அவளுடைய புருஷன் மைதீன் கனி இலங்கையில் குருநாகல் பக்கம் சில்லறைக் கடை வைத்திருந்தார். ஊருக்கு வரும்போதெல்லாம் ஏதாவது ஒரு யந்திரத்தைக் கொண்டுவருவது அவருக்குப் பழக்கம். ஒரு தடவை கையால் சுற்றுகிற தையல் மிஷின் வந்தது. ஒரு தடவை பம்பு அடித்து எரிக்கிற ஸ்டவ் வந்தது. ஒரு தடவை பாட்டுப்பெட்டி வந்தது. அதே வீட்டில் இருந்த அவருடைய அண்ணன், காக்கா என்று எல்லோரும் கூப்பிடுகிற முகம்மது ஹனீபா அதைப் பார்த்து ஹராம் என்று முகம் சுளித்தார், பிறகு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவரே கேட்டார். கடைசியாக வந்தது பெண்டுலக் குண்டு ஆடுகிற சுவர்க் கடிகாரம்.

கடிகாரத்துக்கு வாரம் ஒரு தடவை சாவி கொடுக்க வேண்டும். மைதீன் கனி ஊரில் இருந்த நாளெல்லாம் வெள்ளிக்கிழமை குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, மத்தியான ஜும்ஆத் தொழுகைக்கு இறங்குவதற்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி நின்று சாவி கொடுப்பார். திரும்ப இலங்கைக்குப் புறப்பட்ட அன்று சாவியை மைமூன் கையில் வைத்தார்.

"வெள்ளிக்கு வெள்ளி நீ குடு. ஜும்ஆவுக்கு பாங்கு சொல்லுததுக்கு முன்ன குடுத்திரணும். நான் வந்து பாக்கும்போ ஓடிக்கிட்டு இருக்கணும், கேட்டியா?"

அவள் தலையை ஆட்டினாள். அவருடைய முகத்தை நேராகப் பார்த்தது அதுதான் கடைசி.

அடுத்த வருஷம் இலங்கையில் மலேரியாக் காய்ச்சல் பரவியது. குருநாகல் பக்கம் ஊர் ஊராக ஆட்கள் விழுந்தார்கள் என்று கப்பலேறித் திரும்பியவர்கள் சொன்னார்கள். மைதீன் கனியின் கடை பூட்டிக் கிடந்ததை ஒருவர் பார்த்திருந்தார். காய்ச்சலோடு அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதாக இன்னொருவர் சொன்னார். அங்கிருந்து நேரே அடக்கம் செய்யக் கபருஸ்தானுக்குத்தான் கொண்டுபோனார்கள் என்று மூன்றாமவர் சொன்னார். ஆனால் மய்யித்தான உடலைக் கண்ணால் கண்டதாக ஒருவரும் சொல்லவில்லை. மைமூன் அந்த ஓட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

புருஷன் மௌத்தானால் பெண்ணானவள் இத்தா இருக்க வேண்டும். வெள்ளை உடுத்து, அவர் விட்டுப்போன வீட்டில், வாசல் இறங்காமல், நாலு மாதமும் பத்து நாளும். இறந்த நாள் தெரியாவிட்டால் மனசுக்கு உறுதி வந்த நாளிலிருந்து எண்ணிக்கொள்ளலாம் என்று பள்ளிவாசல் லெப்பை சொல்லிவிட்டார். ஹனீபாவின் மனைவி ஹமீதா பீவி ஒரு வெள்ளைச் சீலையையும் வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டாள். மைமூன்தான் மசியவில்லை.

"உயிரோட இருக்கவியளுக்கு யாரும் இத்தா இருப்பாவளா லாத்தா?" என்று கேட்டாள். ஹமீதா பீவி பெட்டியை மூடிவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கு வெள்ளி நாற்காலியில் ஏறிச் சாவி கொடுத்தாள். காய்ச்சலில் கிடந்த வாரத்திலும் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து கொடுத்தாள். கடிகாரம் ஓடுகிறவரைக்கும் அவரும் இருக்கிறார் என்று அவள் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்னால் பைத்தியம் என்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஊருக்கும் அது சொல்லாமலே தெரிந்திருந்தது. பைத்தியம் என்றும் சொல்லிக்கொண்டுதான் இருந்தது.

அப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் போனது. ஹனீபாவுக்குக் கோட்டாற்றில் வியாபாரம் படுத்துவிட்டது. குளச்சலில் கருவாடு அடுக்கி வைக்கிற கிட்டங்கி ஒன்று கைக்கு வந்தது. வீட்டைப் பாத்திரக்கடை கிருஷ்ணமணிக்கு எழுதிக் கொடுத்தார். ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டைக் காலிசெய்து சாவி தருவதாக வாக்கும் கொடுத்தார். இதையெல்லாம் செய்வதற்கு முன்னால் மைமூனைக் கூப்பிட்டு, கடைசித் தடவையாகக் கேட்டுப் பார்த்தார்.

"இப்பமே இத்தாவ இருந்து முடிச்சிரு பிள்ளா. அதுவரைக்கும் நான் வீட்ட குடுக்காம நிப்பாட்டி வைக்கேன். பொறவு எல்லாருமா போவலாம்."

"எனக்காக நிப்பாட்டாண்டாம் காக்கா. நானும் குளச்சலுக்கு வாறேன். அவிய வந்தா அங்க வரட்டும்."

ஹனீபா எழுந்து வாசலுக்குப் போனார். தம்பிக்காக, இறந்தவர்களுக்கு ஓதுகிற யாசீனை அவர் வீட்டோடு ஓதி முடித்து வெகுநாளாகியிருந்தது. இவளை வைத்துக்கொண்டு வாய்விட்டு அழக்கூட அவருக்கு முடியாமல் இருந்தது.

வீடு மாறச் சம்மதித்துவிட்டாளே தவிர, மைமூன் ஓயாமல் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மைதீன் கனி கப்பலிறங்கி வந்தால் நேரே இந்த வாசலுக்குத்தானே வருவார்? எதிர்வீட்டாரிடம் குளச்சல் விலாசத்தைச் சொல்லிவைத்தாள். வீட்டை வாங்கிய கிருஷ்ணமணிக்கும் சொல்லியனுப்பினாள். இனி மிச்சமிருந்தது கடிகாரம் ஒன்றுதான். அதை ஓடவிட்டபடியே மடியில் வைத்துக்கொண்டு போய்விடலாம் என்று அவள் நினைத்திருந்தாள்.

அந்த வியாழக்கிழமை காலையில் மணிமேடைப் பக்கத்திலிருந்து ரசலையன் வந்தார். ஸ்டவ், விளக்கு, கடிகாரம் எல்லாம் பழுது பார்க்கிறவர். வண்டியில் ஏற்றுவதற்கு முன் யந்திரங்களைப் பக்குவப்படுத்தித் தர ஹனீபாதான் வரச்சொல்லியிருந்தார். மைமூன் உள்ளறைக் கதவுக்குப் பின்னால் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள்.

ஸ்டவ்விலிருந்த மண்ணெண்ணெயைக் குப்பியில் வடித்து, காற்றைத் திறந்துவிட்டு, அதன் பர்னர்த் தலையைத் துணியால் கட்டினார் ரசலையன். அரிக்கேன் விளக்குச் சிமினிகளை உமி நிரப்பிய பெட்டிக்குள் இறக்கினார். தையல் மிஷினில் ஊசியைக் கழற்றி, சக்கரம் சுற்றாமல் கயிற்றால் இறுக்கி, அடியில் வைக்கோல் கொடுத்துச் சாக்கில் பொதிந்தார். பாட்டுப்பெட்டியின் குழாயைத் தனியாக எடுத்துப் பழைய போர்வையில் சுற்றினார். அவர் கை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டு வருவதை மைமூன் கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கடிகாரத்தின் முன்னால் அவர் வந்து நின்றதும் அவள் கதவை இன்னும் கொஞ்சம் திறந்தாள்.

"அத நிறுத்தாண்டாம். நான் மடியில வச்சிக்கிடுதேன்," என்று கதவுக்குப் பின்னாலிருந்தே சொன்னாள்.

"மடியில ஓடாதும்மா. குண்டு ஆடணும்னா சொவரு வேணும். குளச்சல் ரோட்டு குலுக்கத்துல குண்டு போயி கண்ணாடிய அடிச்சிரும்."

"அப்பம் குண்ட மட்டும் கழத்துங்க. உள்ளுக்குள்ள ஓடட்டும்."

"சுருள்ல முறுக்கு இருக்கையில வண்டியில ஏத்தினா உள்ள சக்கரத்துப் பல்லு ஒடிஞ்சிரும். குண்டக் கழத்திவிட்டா அதுவா ஓடித் தீரும். தீந்த பொறவுதான் எடுக்கணும்." அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "எப்பம் சாவி குடுத்தது?" என்று கேட்டார்.

"போன வெள்ளி."

"அப்பம் ஒரு நாளைக்குக் கொஞ்சம் மேலதான் முறுக்கு இருக்கும். மத்தியானம் உச்சைக்குள்ள தீந்திரும்."

ரசலையன் குண்டைக் கழற்றிக் காகிதத்தில் சுற்றினார். அதுவரைக்கும் நிதானமாக நடந்துகொண்டிருந்த கடிகாரம், பிடி விட்ட மாடுபோல ஓட ஆரம்பித்தது. பெரிய முள் நகர்வது கண்ணுக்கே தெரிந்தது. ஒன்பது அடித்து, எதிரே இருந்த பானையைத் தூக்கி வைப்பதற்குள் பத்தும் அடித்தது. சாமான் எடுக்க வந்தவர்கள் நின்று பார்த்துச் சிரித்தார்கள். ஹமீதா பீவியும் சிரித்துவிட்டு, மைமூனின் முகத்தைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. வாசலில் காலை வெயில். கடிகாரத்தில் மத்தியானம் வந்தது, சாயங்கால அஸர் போனது, அந்தி மஃரிப் போனது. வீட்டில் ஒவ்வொரு சாமானாக வெளியேற, சுவருக்குச் சுவர் அந்தச் சத்தம் பெரிதாகக் கேட்டது. பத்தாயத்தை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும்போது கடிகாரம் நடுச்சாமப் பன்னிரண்டு அடித்து வெள்ளிக்கிழமைக்குள் நுழைந்தது. மைமூன் விரலை மடக்கி மணிகளை எண்ண ஆரம்பித்திருந்தாள். விடியற்கால சுபுஹு வந்தது. ஏழு, எட்டு. கடிகாரத்தில் பத்து அடித்தபோது அவளுடைய கை தன்னால் மடியைத் தடவிச் சாவியை எடுத்தது.

பதினொன்று அடித்தது. அவள் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். முக்காடு நழுவியதையும் அந்நிய ஆண்பிள்ளை நிற்பதையும் அவள் கவனிக்கவில்லை. நாற்காலி வண்டிக்குப் போயிருந்தது. ரசலையன் கடிகாரத்தை இறக்க வசதியாகப் போட்டிருந்த பெட்டிமேல் ஏறிச் சாவியை நீட்டினாள்.

ரசலையன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார், "குடுக்காதிங்கம்மா. குடுத்தா இன்னைக்கு நிக்காது."

அவள் கை பாதியில் நின்றது. வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்கு முன். கொடுக்க வேண்டிய நேரம் அதுதான், அவருக்குக் கொடுத்த வாக்கு அதுதான். ஆனால் அது வெள்ளிக்கிழமை இல்லையே. வெளியே வியாழன் காலை அப்படியே இருந்தது, கொல்லையில் கோழி கொத்திக்கொண்டிருந்தது. இந்தக் கடிகாரம் தன் பாட்டுக்கு ஒரு நாளை ஓடி முடித்துவிட்டது, அதனால் யாருக்கும் ஒரு நாள் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இத்தனை வெள்ளிக்கிழமையும் இதை ஓட்டியது தன்னுடைய கைதான் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. கடல் தாண்டி இருந்த மனுஷனுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. தான் சாவி கொடுத்த ஏதோ ஒரு வெள்ளிக்குப் பிறகு, இது ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர் போய்விட்டிருந்தார்.

சத்தம் தளர்ந்தது. பெரிய முள் மேலே ஏற ஏறத் தயங்கித் தயங்கிப் போனது. பன்னிரண்டு அடிக்கும் என்று அவள் காத்து நின்றாள். அடிக்கவில்லை. வீடு அடங்கிவிட்டது.

மைமூன் பெட்டியை விட்டு இறங்கினாள். அவளுக்கு அழுகை வரவில்லை. சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள்.

"லாத்தா, அந்த வெள்ளச் சீல எந்தப் பெட்டியில இருக்கு?"

ஹமீதா பீவி வண்டிக்கு ஓடி, கட்டிய கயிற்றை அவிழ்த்து, அடியிலிருந்த பெட்டியைத் திறந்து சீலையை எடுத்தபோதுதான் அவளுக்குக் குமுறிக்கொண்டு வந்தது. அந்த அழுகையைக் கேட்டு ஹனீபா உள்ளே வந்தார். வெற்றுச் சுவரடியில் தலை குனிந்து உட்கார்ந்திருந்த தம்பி பெண்டாட்டியைப் பார்த்தார்.

"இது அவிய என்ன விட்டுட்டுப் போன வீடுல்லா காக்கா," என்றாள் மைமூன். "நான் இங்கனதான இருக்கணும்?"

எத்தனை மாதமாக இந்த வார்த்தைக்காக அவர் காத்திருந்தார். வந்தது வீடு கைமாறுகிற நாளில், வண்டி பூட்டிய பிறகு. அவருக்குக் கோபம் வந்திருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் வந்திருக்கும். ஹனீபா தொப்பியைக் கழற்றி முகத்தில் வைத்துக்கொண்டு, தம்பிக்காக முதல் தடவையாகச் சத்தம் போட்டு அழுதார். அழுது முடித்துத் தெருவுக்கு இறங்கி, வண்டிக்காரரை விலக்கிவிட்டுத் தானே மாட்டை அவிழ்த்தார்.

நேரே பாத்திரக்கடைக்குப் போய்க் கிருஷ்ணமணியிடம் நடந்ததைச் சொன்னார். வாக்குத் தவறியதற்கு என்ன கேட்டாலும் கொடுக்க வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டு நின்றார். கிருஷ்ணமணி கேட்டுவிட்டு, கையில் இருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தார்.

"எழவு விழுந்து துட்டி கேக்க வேண்டிய வீட்டுல நான் பால் காச்சவா மொதலாளி? அந்தப் பிள்ள இருக்க வேண்டியத இருந்து முடிக்கட்டு. நீங்க போயி ஆக வேண்டியதப் பாருங்க."

போன சாமான்கள் எல்லாம் திரும்பி வீட்டுக்குள் வந்தன. ரசலையன் கூலி கேட்காமலே நின்று சிமினிகளை உமியிலிருந்து எடுத்துத் துடைத்து மாட்டினார். ஸ்டவ்வுக்கு எண்ணெய் ஊற்றிக் கொடுத்தார். தையல் மிஷினின் கயிற்றை அவிழ்த்துவிட்டு, கடைசியாகக் கடிகாரத்தின் முன்னால் வந்து நின்றார். காகிதத்தில் சுற்றிய குண்டு அவர் கையில் இருந்தது.

"இது இப்பிடியே இருக்கட்டா, மொதலாளி?" என்று ஹனீபாவிடம் மெல்லக் கேட்டார்.

ஹனீபா உள்ளே திரும்பிப் பார்த்தார். உள்ளறைக் கதவுக்குப் பின்னாலிருந்து மைமூனின் குரல் வந்தது. வெள்ளை உடுத்து, யார் கண்ணிலும் படாமல் அவள் உள்ளே போய் உட்கார்ந்திருந்தாள்.

"குண்டப் போட்டு, நேரத்தையும் சரியாக்கி வச்சிருங்க. எனக்கு நாலு மாசமும் பத்து நாளும் எண்ணணும்லா."

ரசலையன் குண்டை மாட்டி, முள்ளைச் சரியான நேரத்துக்குத் திருப்பி வைத்துவிட்டுப் போனார். ஆண்கள் எல்லோரும் வெளியே போனதும் மைமூன் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறிச் சாவி கொடுத்தாள். அன்று வியாழக்கிழமை.