வடிவேலுவுக்குப் போட்ட இலை

டிரஸ்ஸர் வேலை என்றால் காயத்துக்குக் கட்டுப் போடுவது என்றுதான் ஊரார் நினைக்கிறார்கள். ஜப்பான்காரன் காலத்தில் புதுத் துணி கிடைக்காததால் பாதிப் பொழுது, போட்ட கட்டை அவிழ்த்துத் துவைப்பதிலேயே போயிற்று. ஆஸ்பத்திரியில் உழைத்துத் தேய்ந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

துணி சுருட்ட ஒரு கூட்டாளி

கொதிக்க வைத்துக் காயப்போட்ட கட்டுத்துணியைச் சுருட்ட இரண்டு பேர் வேண்டும். ஒருவர் முனையை இழுத்துப் பிடிக்க, மற்றவர் சுருட்டுவார். எனக்கு வாய்த்தவன் வடிவேலு, அவனும் டிரஸ்ஸர், தலைமுறை தலைமுறையாக மலாய்க்காரர்களோடு கலந்து வாழும் தமிழர்கள் இருக்கும் கம்போங் செட்டிக்காரன். பெயர்தான் தமிழ், பேச்சு முழுக்க மலாய். "அண்ணே" ஒன்றை மட்டும் தமிழில் சொல்வான். மற்றதையெல்லாம் நான்தான் தமிழாக்கி எழுதுகிறேன்.

மத்தியானம் அவித்த மரவள்ளிக்கிழங்கு கொண்டுவருவான். உன் அம்மா உனக்குக் கட்டிக் கொடுத்தது, நீயே சாப்பிடு என்றேன். பாதியைப் பிட்டு என் கையில் வைத்தான்.

"வாங்குங்க அண்ணே, தனியா சாப்பிட்டா எனக்குத் தொண்டையில இறங்காது."

அப்பாவின் இலை

பொங்கலுக்கு முதல் நாள் வீட்டுக்கு அழைத்தான். அன்று அவர்கள் இறந்தவர்களுக்கு இலை போட்டுப் படைப்பார்கள், பர்ச்சு என்று பெயர். அது எனக்குத் தெரியாது. உள்ளே போனால் வாழையிலையில் சோறு, மீன் குழம்பு! சோற்றைக் கண்ணால் பார்த்தே மாதக்கணக்காகியிருந்தது. எனக்குத்தான் என்று உட்கார்ந்து ஒரு வாய் போட்டும்விட்டேன்.

அது அவனுடைய செத்துப்போன அப்பாவின் இலை. அவன் அம்மா வாயில் கை வைத்து நின்றார். எனக்கு மானமே போயிற்று. வடிவேலுதான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"விடுங்கம்மா, அப்பாவுக்கும் பேச்சுத்துணைக்கு ஆள் வேணும்ல."

சயாமுக்கு ஒரு டிரஸ்ஸர்

ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் ரப்பர் தோட்டத்து ஆட்களை லோரி லோரியாக சயாம் நாட்டுக்கு ஏற்றினார்கள். கூடவே ஒரு டிரஸ்ஸர் போக வேண்டும் என்று உத்தரவு. வந்தது என் பெயர். மனைவிக்கு அப்போது எட்டாம் மாதம்.

எனக்குப் பதில் நீ போ என்று நான் கேட்கவில்லை. ஆனால் அவன் தானாகச் சொல்ல மாட்டானா என்று காத்திருந்தேன், அதுதான் உண்மை. அவன் போய்த் தன் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தான். லோரியில் ஏறும்போதும் சிரித்த முகம்தான்.

"மூணு மாசம்தானே அண்ணே, அதுவரைக்கும் முனைய ஜன்னல் கம்பியில கட்டிச் சுருட்டுங்க."

கம்பி

அப்படியே சுருட்டினேன். மூன்று மாதம் ஆயிற்று, அடுத்த பொங்கலும் வந்தது, அவன் வரவில்லை. உயிரோடு இருப்பவனுக்கு இலை போடக்கூடாது என்று அவன் அம்மா போடவில்லை.

அதற்குப் பின் சயாமிலிருந்து தப்பி வந்த ஒருவர் என் வார்டில் படுத்தார். காலராக் கொட்டகையில் நோயாளிகளைப் பார்த்த வடிவேலுவை அதே காலரா கொண்டுபோய்விட்டது என்றார். அம்மாவிடம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. வாராவாரம் போவேன், சேதி உண்டா என்பார், இல்லை என்பேன். வார்டில் படுத்திருந்தவர் சொன்னது மட்டும் காதிலேயே நின்றது.

"அவருக்கு ஊத்துற கஞ்சியிலயும் பாதிய எங்களுக்குக் கொடுத்துடுவாருங்க."

இரண்டு இலை

மறு பொங்கலுக்கு முதல் நாள் அம்மா ஆள் விட்டு அழைத்தார். அப்பாவின் இலைக்குப் பக்கத்தில் இன்னொரு இலை. இரண்டிலும் மரவள்ளிக்கிழங்குதான். நான் மறைத்ததை என் முகமே எப்போதோ சொல்லிவிட்டிருக்கிறது. யாருக்குப் பதிலாக அவன் போனான் என்பதும் அவருக்குத் தெரியும். வாசலிலேயே அழுதுவிட்டேன். அவர் என் கையைப் பிடித்து அந்தப் புது இலை முன்னால் உட்கார வைத்தார்.

"அன்னிக்குத் தெரியாம உட்கார்ந்தே, இன்னிக்குத் தெரிஞ்சே உட்காரு தம்பி. அவனுக்குத் தனியா இறங்காது."

சண்டை முடிந்து புதுத் துணியும் வந்தது, முனையைப் பிடிக்க ஆட்களும் வந்தார்கள். நான் மட்டும் ஓய்வு பெறும்வரை ஜன்னல் கம்பியிலேயே கட்டிச் சுருட்டினேன், கம்பியை யாரும் சயாமுக்கு அனுப்ப மாட்டார்கள் பாருங்கள்.