எலுமிச்சை முள்ளும் மாமாவின் நகவெட்டியும்

முள் வெட்டிய ஞாயிற்றுக்கிழமை, பெங்களூர் மர்பி டவுனில் எங்கள் வீட்டு வாசலில் அம்மா இருந்தாள், அக்கா இருந்தாள், அக்கா வீட்டுக்காரரான மாமா இருந்தார். நானும் இருந்தேன், யாரும் கவனிக்கவில்லை. அப்பா டியூட்டிக்குப் போயிருந்தார்.

அம்மா விதை போட்டு வளர்த்த எலுமிச்சை, பிளாஸ்டிக் டிரம்மில் இடுப்பு உயரம் வந்திருந்தது. அதன் முள் அக்கா மகளின் கையில் குத்திவிட்டது. மாமா நகவெட்டியோடு உட்கார்ந்துவிட்டார்.

"வெட்டாதீங்க மாமா. தெருவுல ஆடு திரியுது. முள் இருந்தா அதால வாய் நிறைய இழுக்க முடியாது. ஒவ்வொரு இலையா பொறுக்கணும், சலிச்சுப் போயிடும். செடி சின்னதா இருக்கறப்போ முள் ஜாஸ்தியா இருக்கறதே அதுக்குத்தான்" என்றேன்.

"ஏன் மச்சான், எலுமிச்சங்காய்க்குமா டிகிரி?" என்றபடியே மாமா ஒரு முள் விடாமல் வெட்டிவிட்டார்.

அம்மா சிரித்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எங்கள் வீட்டில் முதலில் காலேஜ் போனவன் நான், படித்ததே தாவரவியல். பேங்க் விஷயமோ கரண்ட் விஷயமோ மாமாவைக் கேட்கட்டும். செடி விஷயத்திலாவது அம்மா என் பேச்சைக் கேட்கக் கூடாதா?

"மாப்பிள்ளைக்குத்தான் இதெல்லாம் தோணும்" என்று அவருக்கு டீ கொண்டுவந்தாள். எனக்குப் பாத்திரத்தில் மிச்சம் இருந்தது.

புதன்கிழமை ஆடு வந்தது. பக்கத்து வீட்டு ஆடுதான். முன்பெல்லாம் இரண்டு இலையைக் கடித்துவிட்டுத் தலையை உதறிக்கொண்டு போகும். அன்று அம்மா துணி அலசிவிட்டு வருவதற்குள் வெறும் குச்சிதான் நின்றது. டிரம் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நான் அன்னைக்கே..."

"சும்மா இருடா. மாப்பிள்ளை காதுல விழுந்தா மனசு கஷ்டப்படுவாரு."

செடி சாகவில்லை. கொஞ்ச நாளில் அடியிலிருந்து தளிர் விட்டது, இலைக்கு ஒரு முள்ளாக, முன்னைவிட நீளமாக. ஸ்கேல் வைத்துப் பார்த்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டேன். "பாரும்மா, அதுவே மறுபடி வேலி போட்டுக்குது." அம்மா குனிந்தாள். அந்த நேரம் பார்த்துக் கேட் திறந்தது. மாமா, தோளில் கம்பி வலைச் சுருள்.

டிரம்மைச் சுற்றிக் கூண்டு கட்டினார். அம்மா எதிர்வீட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டு, "எங்க மாப்பிள்ளை செஞ்சது" என்று காட்டினாள். உள்ளே இருந்த முள்ளை யாரும் பார்க்கவில்லை.

வேண்டாம் வேண்டாம் என்றவரின் சட்டைப்பையில் அம்மா பணத்தைத் திணித்தாள். நான் டியூஷன் எடுத்து முந்தின நாள் அவளிடம் கொடுத்த பணம். வலை, கட்டுக்கம்பி, ஆட்டோ எல்லாம் சேர்த்து எண்ணூற்று ஐம்பது ரூபாய்.