அழுகிற பிள்ளையின் படம்

லண்டனில் ஓர் ஓவியக் கூடத்தில் நான் காவலாளியாக இருந்த காலம். கலிபோர்னியாவின் போமோ பழங்குடிப் பிள்ளைகளையும் அவர்களின் அன்றாட வாழ்வையும் ஓர் ஓவியர் வரைந்த படங்கள் அப்போது காட்சிக்கு வந்திருந்தன. சேலைக்கு மேல் ஆண்கள் போடும் கோட் ஒன்றை மாட்டியிருந்த ஒரு தமிழ்ப் பெண், ஒவ்வொரு பிள்ளையின் முன்னாலும் குனிந்து சிரித்துக்கொண்டே வந்தார். வாய்விட்டு அழும் ஒரு குழந்தையின் படத்தருகே அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

"தம்பி, படம் கீறி முடியுமட்டும் இந்தப் பிள்ளையை ஒருத்தரும் தூக்கேல்லையோ?"

"தெரியாது அக்கா. நல்லாய்க் கீறியிருக்கு, என்ன?"

"ஓம்," என்றவர் குரலைத் தாழ்த்தினார். "நாங்கள் அகதி முகாமிலை இருக்கேக்கை வெள்ளைக்காரர் வந்து என்ர மகளைப் படம் எடுத்தவை. அவள் அழுதுகொண்டு என்னட்டைக் கையை நீட்டினவள். அழுகிற படமெண்டால் நிவாரணம் கூடுதலாய் வருமெண்டு நினைச்சு, நான் தூக்காமல் நிண்டனான்."

"மகள் இப்ப எங்கை?"

"பள்ளிக்கூடத்திலை. அவளுக்கு அது ஞாபகமில்லை. எனக்குத்தான் அவளின்ர முகத்தைப் பார்க்க ஏலாமல் கிடக்கு."

அவர் போனபின் ஒரு குடும்பம் வந்தது. அந்தப் படத்தைக் காட்டி, என்ன அழகு என்று சிரித்தார்கள். வழக்கமாக நானும் சேர்ந்து சிரிப்பவன்தான். அன்று தலை குனிந்துகொண்டேன்.