அலுமினியம் சிவக்காது

என் வீட்டுக்காரருக்குத் தொழிற்சாலையில் ‘நேர்கோடு’ என்று பெயர். இரும்பில் அவர் போடும் வெல்டிங் அப்படி. ஸ்கேல் வைத்துப் பார்த்தாலும் மயிரிழை விலகியிருக்காது. லாரிகளுக்கு டீசல் டேங்க் செய்யும் இடம் அது. அவர் பற்றவைப்பார். பற்றவைத்ததைச் சோதித்து, ஒழுகினால் திருப்பி அனுப்புவது என் வேலை. எனக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதை இங்கே சொல்ல விருப்பமில்லை.

இருபத்திரண்டு வருடத்தில் அவருடைய டேங்க் ஒன்றைக்கூட நான் திருப்பி அனுப்பியதில்லை. எங்கள் குடும்ப வாழ்க்கை அமைதியாகப் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

பிறகு நிர்வாகம் அலுமினியத்துக்கு மாறியது. இனி எல்லாமே ‘டிக்’ என்ற வேறு முறை வெல்டிங் என்றார்கள். பழைய வெல்டர்களுக்கு ஆறு வாரப் பயிற்சி, மூன்று தேர்வு. மூன்றிலும் தோற்றால் பேக்கிங் பிரிவு. முகமூடியைக் கழற்றி வைத்துவிட்டு அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்ட வேண்டும். அதை நினைத்தாலே அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனாலும் முதல் நாள், பயிற்சி கொடுக்கவே போகிறவர் மாதிரிதான் கிளம்பிப் போனார்.

சொல்லிக்கொடுக்க வந்தவள் எங்கள் மகளைவிட இரண்டு வயது மூத்தவள். அவள் முன்னால் தகட்டைச் சூடாக்கிவிட்டு, சிவக்கட்டும் என்று இவர் காத்திருந்தார். இரும்பு உருகுவதற்கு முன் சிவந்து காட்டும். இது காட்டவில்லை. நிறமே மாறாமல் சாதுவாக இருந்துவிட்டு, நடுவில் பொத்தென்று கழன்று அவர் பூட்ஸ் மேல் விழுந்தது.

“அண்ணா, அலுமினியம் சிவக்காது. பளபளன்னு குட்டியா ஒரு குளம் மாதிரி தெரியும். தெரிஞ்ச உடனே கம்பியத் தொட்டு எடுத்துட்டு நகந்துடணும்.”

“சிவக்கலன்னா சூடு ஜாஸ்தியாயிடுச்சுன்னு எப்படிம்மா தெரியும்?”

“ஓட்டை விழும்ணா. அப்பத் தெரியும்.”

அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்குக் கொண்டுவந்த தகட்டில் பதினோரு ஓட்டைகள். மகள் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, “டிசைன் நல்லாருக்குப்பா” என்றாள். அவர் அவளோடு இரண்டு நாள் பேசவில்லை.

ஓட்டை நின்றதும் கால் தகராறு செய்தது. வலது கையில் டார்ச், இடது கையில் கம்பி, காலுக்கடியில் பெடல். மிதித்தால் சூடு ஏறும், தளர்த்தினால் இறங்கும். மூன்றும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஸ்பூனை டார்ச்சாகவும் பென்சிலைக் கம்பியாகவும் பிடித்துக்கொண்டு பழகினார். பெடலுக்கு என் கால். நாலு வாரம் வீங்கின விரலோடு வேலைக்குப் போனேன். தளர்த்துவதை மட்டும் அவர் கடைசிவரை மெதுவாகச் செய்யவே இல்லை, வெடுக்கென்று எடுத்துவிடுவார். நானும் வலி விட்டால் போதும் என்று இருந்துவிட்டேன்.

தேர்வு வந்தது. “வேற ஆள வெச்சு செக் பண்ணச் சொல்லட்டுமா?” என்று சூப்பர்வைசர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அவளே பாக்கட்டும் சார்,” என்றார் இவர்.

முதல் டேங்கை நான் சோதிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. இரும்பு தேய்த்த பிரஷ்ஷாலேயே அலுமினியத்தையும் தேய்த்திருந்தார். பழக்கதோஷம். பற்றவைத்த தையல் முழுக்கக் கறுப்புப் புள்ளி. இரண்டாவதில் டார்ச்சின் ஊசிமுனை உருகின குளத்தில் இரண்டு இடத்தில் குத்தியிருந்தது. அந்த இரண்டு இடமும் ஒழுகியது. திருப்பி அனுப்பினேன். இரண்டு தடவையும் வீட்டில் வழக்கம்போலப் பேசிக்கொண்டோம். வழக்கத்தைவிட மரியாதையாகவே பேசிக்கொண்டோம்.

மூன்றாவது டேங்க் அழகாக இருந்தது. காசுகளை ஒன்றின் மேல் ஒன்று சாய்த்து அடுக்கினதுபோலச் சீரான தையல். டேங்கின் வாயை அடைத்து உள்ளே காற்றை ஏற்றி, சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷால் தடவிக்கொண்டே போனேன். ஒன்றுமில்லை. மூன்று பக்கம் முடிந்தது, ஒன்றுமில்லை. நான்காவது தையல் முடிகிற இடத்தில், கடுகளவு ஒரு குமிழி வந்தது. அங்கே பெடலை மெதுவாகத் தளர்த்தினால்தான் உலோகம் நிதானமாக ஆறும். வெடுக்கென்று எடுத்தால் சின்னக் குழி விழுந்து, அதற்குள் முடி மாதிரி விரிசல் ஓடும்.

சூப்பர்வைசர் போனில் இருந்தார். இவர் பத்தடி தள்ளிச் சுவரைப் பார்த்து நின்றிருந்தார். நான் அந்தக் குமிழியைக் கட்டைவிரலால் துடைத்தேன். மறுபடி வந்தது. இன்னொரு தடவை துடைத்து, விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அந்த டேங்க் ஏதோ ஒரு லாரியில் ஏறும். அதை யாரோ ஒருவர் ஓட்டுவார். விரலை எடுத்தேன். சாக்பீஸால் வட்டம் போட்டேன்.

திங்கட்கிழமையிலிருந்து அவர் பேக்கிங் பிரிவு. டேப்பையும் நேர்கோடாகத்தான் ஒட்டுகிறார்.

அந்த வாரம் வேலை முடிந்து பஸ்ஸுக்கு நடக்கும்போது அவராகவே பேச்சை எடுத்தார். “அந்தக் கடைசி முனையில கால வெடுக்குன்னு எடுத்துட்டேன். எடுத்த உடனே தெரிஞ்சுடுச்சு.”

“தெரிஞ்சும் ஏங்க சொல்லல?”

“நீ கண்டுபிடிச்சுடுவன்னு தெரியும். ஆனா எனக்காக விட்டுடுவியோன்னுதான் பயமா இருந்துச்சு. அதான் திரும்பியே பாக்கல.”

“நான் என்ன அப்படிப்பட்ட ஆளா?” என்று கோபமாகக் கேட்டேன்.

“தப்புத்தான், தப்புத்தான்,” என்று சொல்லி என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார்.